பத்து லட்சத்துக்கு ஒன்பது குறைவு

புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்கு ஆசிரியர்களுக்கு ஏதாவது அறிவுரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அறிவுரை என்னிடம் கைவசம் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் சாக்பீஸ் தூசியைத் தின்றதில் மிச்சமாகியிருப்பவை என் தப்புகள்தான். அவற்றில் பெரியதை எடுத்துத் தருகிறேன். பெரியது என்றால் நிஜமாகவே பெரியது, ஆறு இலக்கம்.

9,99,991.

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. வாய் வலிக்கிறதல்லவா? அந்த வலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் வேலை பார்த்தது மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில். புது ஆசிரியர் எடுக்கும்போது தாளாளராக இருக்கும் ஃபாதர், தலைமையாசிரியர், அந்தப் பாடத்தில் மூத்தவர் என்று மூன்று பேர் உட்காருவோம். கணக்குக்கு மூத்தவன் நான். யார் வந்தாலும் என்னிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். கரும்பலகையில் இந்த எண்ணை எழுதி, "இது பகா எண்ணா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்பேன்.

பகா எண் என்றால் ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். உங்களுக்குத் தெரியும். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் படிக்கும் உங்கள் வீட்டு ஆட்களுக்காகச் சொன்னேன். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போக வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதுதான் நான் வைக்கும் சோதனை. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். நம் எண் அதைவிடச் சற்றே சிறியது. ஆகவே ஆயிரம் வரை பார்த்தால் போதும், அதைத் தாண்டி ஓட வேண்டாம். இதைச் சொல்லிவிட்டால் அவர் தேறினார். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம் என்று நேர்காணலுக்கு நேர்காணல் நானே வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் குறித்து வையுங்கள்.

வருகிறவர்கள் ஆரம்பிப்பார்கள். கடைசி இலக்கம் ஒன்று, எனவே இரண்டும் ஐந்தும் போயிற்று. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தாறு, மூன்றும் போயிற்று. ஏழால் வகுத்தால் மீதி ஆறு. பதினொன்றால் வகுத்தால் மீதி மூன்று. பதின்மூன்றால் வகுத்தால் மீதி ஐந்து. அங்கே நான் கையைத் தூக்கி, "போதும், போதும். ஆயிரம் வரைக்கும் இப்படியே போகணும். இது பகா எண்தான்" என்பேன். பெருமையாக ஃபாதரைப் பார்ப்பேன். ஃபாதருக்குக் கணக்கு அவ்வளவாக ஓடாது. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்.

அந்த எண் மீது எனக்கு இருந்த பாசத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு கோடை விடுமுறையில் நானே தேடிப் பிடித்தது அது. பசங்கள் எனக்கு 'பகா சார்' என்று பேர் வைத்ததே அதனால்தான். என் போனைத் திறக்கும் ஆறு இலக்கமும் அதுவேதான். இப்போது மாற்றிவிட்டேன், யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

இனி நேர்காணல் நடந்த அந்த நாளுக்கு வருகிறேன்.

ஒரே ஓர் இடம், வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் கேள்வியைப் பார்த்ததுமே, தெரியாது என்று கும்பிட்டுவிட்டு எழுந்துபோனார். இன்னொருவர் கே.கே. நகரில் டியூஷன் சென்டர் வைத்திருப்பவர். மடிப்புக் கலையாத சட்டை, பளிச்சென்ற பேச்சு. எண்ணை எழுதி நான் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள், "டெஃபனிட்டா பகா எண் சார், ஆயிரம் வரை செக் பண்ணணும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்துக்கு எட்டு போட்டேன்.

மூன்றாவது ஆள் பாண்டீஸ்வரி. பேரையூரிலிருந்து காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். டி. கல்லுப்பட்டியில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்த்தார். அங்கே அடுத்த ஜூனிலிருந்து உயர்நிலை வகுப்புகள் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். ஃபாதர் வழக்கம்போல, "மதுரைக்கு ஏன்மா வரணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரர் கே.கே. நகர்ல ஒரு கிளினிக்ல லேப்ல இருக்காரு ஃபாதர். நானும் பிள்ளையும் பேரையூர்ல கெடக்கோம். ஞாயித்துக்கெழம மட்டும் வாராரு. பிள்ளைக்கு ரெண்டு வயசாச்சு, அவரக் கண்டா அழுகுது. வேத்தாளுன்னு நெனைக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் கைக்குட்டையை ஒருமுறை இறுக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில் நேர்காணல் முடிந்து கிடைக்கவில்லை என்பதும் விண்ணப்பத்திலேயே இருந்தது.

மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னோம். பின்னம் எடுத்தார். அருமையாக இருந்தது. ஃபாதருக்கே பின்னம் புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபாதரும் தலைமையாசிரியரும் போட்ட மதிப்பெண்ணிலும் இவர்தான் முன்னால் நின்றார். கடைசியாக என் முறை. எண்ணை எழுதினேன்.

பாண்டீஸ்வரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "இது பகா எண் இல்ல சார்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் என் எண்ணை அப்படிச் சொன்னவர் எவருமில்லை. வகுக்கவில்லை, எழுதவில்லை, வந்து நின்ற கையோடு இல்லையாமே?

"எப்படிச் சொல்றீங்க?"

"இது பத்து லட்சத்துக்கு ஒம்பது கம்மி சார். அதனால..."

"எண்ணை ஒழுங்காப் படிக்கவே வரலையா? ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரம்னு சொல்ல மாட்டீங்களா? சந்தைக் கணக்கு மாதிரி கம்மி, கூடன்னுக்கிட்டு. ஆயிரம் வரைக்கும் நான் வகுத்துப் பாத்த எண் இது. பகா எண்தான். நீங்க உக்காரலாம்."

"இல்ல சார், ஒரு நிமிசம்..."

"போதும்."

அவர் உட்கார்ந்தார். பத்துக்கு இரண்டு போட்டேன். கூட்டிப் பார்த்ததில் டியூஷன் சென்டர்காரர் நான்கு மதிப்பெண் முன்னால் போய்விட்டார். தலைமையாசிரியர் பாண்டீஸ்வரியிடம், "தகவல் சொல்றோம்மா" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். "வாரேன் சார், வாரேன் ஃபாதர்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். என்னிடமும் சொன்னார். டியூஷன் சென்டர்காரரை மூன்று மணிக்கு வந்து நியமனக் கடிதம் வாங்கிக்கொள்ளச் சொன்னோம்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு ஒன்பதாம் வகுப்பு. அன்றைய பாடம் நீங்கள் எல்லோரும் தூக்கத்தில்கூட நடத்தக்கூடியது. இரண்டு எண்களின் கூடுதலை அவற்றின் வித்தியாசத்தால் பெருக்கினால், அவற்றின் வர்க்கங்களின் வித்தியாசம் கிடைக்கும். உதாரணத்துக்கு 98 × 102 என்று எழுதினேன். நூறில் இரண்டு குறைத்தது 98, இரண்டு கூட்டியது 102. நூறின் வர்க்கத்திலிருந்து இரண்டின் வர்க்கத்தைக் கழித்தால் போதும்.

"எம்புட்டுடா வரும்?" என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து நின்றான். "பத்தாயிரத்துக்கு நாலு கம்மி சார்."

சரியான விடைதான், 9996. எழுதப் போன என் கை பலகையில் அப்படியே நின்றுவிட்டது. காலையில் கேட்ட அதே வார்த்தை. பத்து லட்சத்துக்கு ஒம்பது கம்மி.

பத்து லட்சம் என்பது ஆயிரத்தின் வர்க்கம். ஒன்பது என்பது மூன்றின் வர்க்கம். அப்படியென்றால் என் எண் ஆயிரத்து மூன்றையும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழையும் பெருக்கியதாக இருக்க வேண்டும். பலகையின் மூலையில் சின்னதாகப் பெருக்கினேன். 9,99,991 வந்தது. அழித்துவிட்டு மறுபடி பெருக்கினேன். மறுபடியும் அதே சனியன்.

அதோடு விட்டதா? ஆயிரத்து மூன்றை வகுத்துப் பார்த்தேன். பதினேழு பெருக்கல் ஐம்பத்தொன்பது. என் எண்ணைப் பதினேழே வகுக்கிறது. பதின்மூன்றுக்கு அடுத்த பகா எண் பதினேழு. இத்தனை வருஷமாக வந்தவர்களை எல்லாம் அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தி, "போதும், போதும்" என்று சொல்லியிருக்கிறேன்.

"சார், ஒடம்புக்கு என்ன சார்?" என்றான் முன்வரிசைப் பையன். "கணக்கு செய்யுங்கடா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் வரை வகுத்துப் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேன் அல்லவா, அது பொய். ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டு பகா எண்கள் இருக்கின்றன. அந்தக் கோடை விடுமுறையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். பதினேழில் கழித்தலில் கை சறுக்கியிருக்கிறது, பதின்மூன்று என்று வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு என்று எழுதியிருந்தேன். ஐம்பத்து மூன்று வரை வந்தபோது சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வாசலில் நின்றார்கள். நோட்டை மூடினேன். அடுத்து ஐம்பத்தொன்பது. அதையாவது போட்டிருந்தால் அன்றே பிடிபட்டிருப்பேன். மறுபடி திறக்கவில்லை. ஒரு வாரத்தில் 'பார்த்தவரை பகா எண்' என்றேன், ஒரு மாதத்தில் 'ஆயிரம் வரை பார்த்தாயிற்று' என்றேன். சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் யோசித்ததையும் மறைக்கப் போவதில்லை. மணி இரண்டரை. யாருக்கும் தெரியாது. ஃபாதர் பெருக்கிப் பார்க்கப் போவதில்லை. தலைமையாசிரியருக்கு வரலாறு. பாண்டீஸ்வரி இனி இந்தப் பக்கமே வர மாட்டார். வந்து சொன்னாலும் தோற்றவர் பேச்சு எடுபடாது. அடுத்த நேர்காணலிலிருந்து கேள்வியை மட்டும் மாற்றிவிட்டால் என் பேர் கெடாமல் பூசி மெழுகிவிடலாம். இவ்வளவும் ஓடியது. அப்பன் முகத்தைப் பார்த்து அழும் ஒரு பிள்ளையும் கூடவே ஓடியது. வெட்கமாக இருந்தது எனக்கு. எழுந்து போனேன். நடந்தேன் என்று எழுத ஆசைதான், ஓடினேன். வேட்டி தடுக்கியது.

ஃபாதர் அறையில் நியமனக் கடிதம் மேசைமேல் இருந்தது. பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், கையெழுத்துப் போடாதீங்க. காலைல நான் சொன்ன விடை தப்பு. அந்தப் பேரையூர் பொண்ணு சொன்னதுதான் சரி."

தலைமையாசிரியர் என் நல்ல நண்பர். எனக்காகவே பதறினார். "சார், சத்தமாப் பேசாதீங்க. அந்த ஆளு வெளியில உக்காந்திருக்காரு. அவருகிட்ட எடுக்கிறோம்னு வேற சொல்லிட்டோம். இப்ப மாத்துனா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? அடுத்த இடம் வரும்போது அந்தப் பொண்ணக் கூப்பிட்டுக்கலாம்."

"அடுத்த இடம் எப்ப சார் வரும்? நான் ரிட்டையர் ஆகும்போதுதான் வரும். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அழட்டுமா?"

ஃபாதர் ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் தள்ளவில்லை, தன் முன்னாலேயே வைத்துக்கொண்டார். "என்ன பெருக்கணும் சொல்லுங்க." 997, 1003 என்றேன். பள்ளிக்கூடப் பையன்போல நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாகப் பெருக்கினார். என் வேலைக் காலத்தில் அதைவிட நீளமான மூன்று நிமிஷம் கிடையாது. விடையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை வருஷமா சார் இதக் கேக்குறீங்க?"

"பதினோரு வருஷம் ஃபாதர்."

"நானும் பதினோரு வருஷமாத் தலையாட்டிருக்கேன்." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தப் பொண்ணு வழி தெரிஞ்சு சொல்லுச்சா, குருட்டாம்போக்குல அடிச்சுச்சா? அதையும் தெரிஞ்சுக்கிட்டு மாத்துவோம். கூப்பிடுங்க."

விண்ணப்பத்தில் நம்பர் இருந்தது. கூப்பிட வேண்டுமென்றால் என் போனைத் திறக்க வேண்டுமே. ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்று. தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

ஸ்பீக்கரில் போட்டேன். பஸ் ஹாரன் சத்தம், யாரோ டிக்கெட் கேட்கும் சத்தம்.

"பாண்டீஸ்வரி, நான் காலைல பாத்த கணக்கு சார் பேசுறேன். எங்க இருக்கீங்க?"

"வீட்டுக்காரரப் பாத்துட்டுக் கெளம்புனேன் சார், இப்பத்தான் திருமங்கலம் வந்துருக்கேன். சர்டிபிகேட் ஏதும் விட்டுட்டு வந்துட்டனா?"

"நீங்க விடலம்மா. நான்தான் ஒரு வாக்கியத்த பாதியில நிறுத்திட்டேன். பத்து லட்சத்துக்கு ஒம்பது கம்மின்னு சொன்னீங்க. அதனால? மிச்சத்தச் சொல்லுங்க."

மெதுவாக, பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல ஆரம்பித்தார்.

"அம்புட்டு நீளமாப் படிக்க வாய் வரல சார், அதான் எங்க ஊரு வழக்கத்துல சுருக்கிச் சொன்னேன். சொன்னப்புறந்தான் தெரிஞ்சுச்சு. பத்து லட்சம் ஆயிரத்தோட வர்க்கம். ஒம்பது மூணோட வர்க்கம். அப்ப ஆயிரத்துல மூணு கூட்டுனது ஒரு காரணி, மூணு கழிச்சது ஒரு காரணி. ஆயிரத்து மூணு, தொளாயிரத்துத் தொண்ணூத்தேழு." குரல் நிமிர்ந்துவிட்டது. இப்போது பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். "ஆயிரத்து மூணையும் ஒடைக்கலாம் சார். பஸ்ல வரும்போது பாத்தேன். பதினேழு போகுது."

"போகுதும்மா," என்றேன். "நல்லாப் போகுது."

ஃபாதர் போன் பக்கம் குனிந்தார். "அம்மா, எறங்கி அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பி வாங்க. வேலை உங்களுக்குத்தான். வர்ற வழியில வீட்டுக்காரருக்குச் சொல்லிருங்க."

"கண்டக்டர் அண்ணே, நிறுத்துங்கண்ணே, எறங்கணும்" என்ற சத்தம்தான் கேட்டது.

வெளியே இருந்த டியூஷன் சென்டர்காரரிடம் சொல்ல வேண்டியது என் வேலை. நானே போனேன். முழுவதும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "என்ன சார் இப்படிச் சொல்றீங்க? நீங்க இந்த நம்பரத்தான் கேப்பீங்க, பகா எண்ணுன்னுதான் சொல்லணும்னு உங்க ஸ்கூல்ல இண்டர்வியூ வந்தவங்க எல்லாருக்கும் தெரியுமே. நான் அத யோசிச்சுப் பாக்கவே இல்ல." பதினோரு வருஷம் ஒரே கேள்வி கேட்டால் ஊருக்கே தெரியாமல் போகுமா? வெளியில் கசிந்த விடையே தப்பு, அந்தத் தப்புக்கு நான் போட்டது எட்டு மதிப்பெண். மனுஷர் நல்லவர், சிரித்துக்கொண்டே கைகொடுத்துவிட்டுப் போனார்.

இவ்வளவு கலகலப்பாகச் சொல்கிறேன் என்றாலும் ஒருவரை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. பாண்டீஸ்வரிக்கு வெகு காலம் முன்னால் வந்தவர், உசிலம்பட்டிப் பக்கம். பதின்மூன்று முடிந்து நான் கையைத் தூக்கியபோது, "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துக்கிறேன் சார்" என்றார். போதும் என்றேன். அவருக்கு வேலை கிடைக்கவில்லை. பேர்கூட ஞாபகம் இல்லை எனக்கு. போன் செய்து மிச்சத்தைக் கேட்க வழியில்லை.

பாண்டீஸ்வரி எங்கள் பள்ளிக்கு வந்து, நான் ஓய்வு பெறுவதற்குள் என் பக்கத்து நாற்காலிக்கே வந்துவிட்டார். என் கடைசி வருஷம், என் இடத்துக்கு ஆள் எடுக்கும் நேர்காணல். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். "வேற நம்பர் போடுவோம்மா, இது ஊருக்கே தெரிஞ்சது" என்றேன். "இருக்கட்டும் சார். ஊருக்குத் தெரிஞ்சது பழைய விடைதான்" என்று சொல்லி, அவரே பலகையில் 9,99,991 என்று எழுதினார்.

ஓர் இளைஞர் வந்து நின்றார். வியர்த்துக் கொட்டியது. இரண்டு, மூன்று, ஐந்து என்று ஆரம்பித்தார். ஏழில் ஒருமுறை தடுமாறித் திருத்திக்கொண்டார். பதினொன்று. பதின்மூன்று, மீதி ஐந்து. என் கை தானாக மேலே எழுந்தது. வாயும் திறந்துவிட்டது. பழக்கதோஷம்.

பாண்டீஸ்வரி என் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "அவரு பாக்கட்டும் சார்."

அந்த இளைஞர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னும் ஒண்ணு பாத்துக்கிறேன் சார்" என்றார். பதினேழு என்று எழுதிக் கோடு போட்டார். ஐந்து, எட்டு, எட்டு, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு இலக்கமாக ஈவு இறங்கியது. கடைசியில் மீதி பூஜ்யம். அதை இரண்டு தரம் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

அப்படி ஒரு முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் வாத்தியார் வேலைக்கே வந்தேன். அது பதினோரு வருஷமாக என் 'போதும்' என்ற வார்த்தைக்கு ஒரே ஓர் எண் தள்ளி நின்றுகொண்டிருந்தது.